பிள்ளையைக் கெட்டியாகப் பிடி

சிறு குழந்தையோடு மெட்ரோ ரயிலில் போகும் தாய்மார்களுக்கு அறிவுரை சொல்ல நம் நாட்டில் ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. குழந்தையின் கையை விடாதே. மஞ்சள் கோட்டைத் தாண்ட விடாதே. நகரும் படிக்கட்டில் ஏறும்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொள். கூட்ட நேரத்தில் போகாதே. செல்போனைப் பார்க்காதே. பிள்ளைக்குப் பளிச்சென்ற சட்டை போட்டுவிடு. சட்டைப் பையில் உன் போன் நம்பரை எழுதி வை. வார இதழ்களின் பெண்கள் பக்கத்தில் இது வருகிறது. வாட்ஸ்அப்பில் வருகிறது. ஊரிலிருந்து கிளம்பும்போது மாமியார் வாயிலும் வருகிறது.

இவற்றில் ஒன்றுகூடத் தவறான யோசனை இல்லை. கையை விடக் கூடாதுதான், முந்தானையைச் செருகத்தான் வேண்டும். ஆனால் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்த நினைவோடு அந்தப் பட்டியலை இன்னொரு முறை வாசியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாய் எது? பிடிக்க வேண்டியவள், செருக வேண்டியவள், பார்க்க வேண்டியவள், பார்க்கக் கூடாதவள், நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டியவள் எல்லாம் ஒருத்திதான். கதவு என்ன செய்ய வேண்டும், படிக்கட்டு எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், ஓட்டுநர் எத்தனை விநாடி நிற்க வேண்டும், பக்கத்தில் நிற்கும் ஆண் எங்கே கையை வைத்துக்கொள்ள வேண்டும், பிள்ளையின் அப்பன் எங்கே போனான் என்று ஒரு வரி கிடையாது. பாதுகாப்பு என்பது தாயின் ஐந்து விரல்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே விபத்து நடந்தால் குற்றமும் அந்த ஐந்து விரல்களுக்குத்தான்.

இந்தக் கட்டுரை அந்தப் பட்டியலோடு சண்டை போடுகிறது. குழந்தையோடு பயணம் செய்யும் பெண்ணின் பாதுகாப்பு வண்டியின், பாதையின், வேலையிடத்தின், சட்டத்தின் பொறுப்பு என்பது என் வாதம். அதை அவளுடைய கவனத்தின் மீது ஏற்றிவைப்பது உழைப்புச் சுரண்டல். சம்பளமில்லாத காவல் வேலை.

2023 டிசம்பர் 14 அன்று தில்லி மெட்ரோவின் இந்தர்லோக் நிலையத்தில், மகனோடு பயணம் செய்த ஒரு பெண்ணின் சேலை ரயில் கதவில் சிக்கியது. ரயில் கிளம்பியது. நடைமேடையோடு இழுத்துச் செல்லப்பட்டுத் தண்டவாளத்தில் விழுந்தவர் இரண்டு நாளில் இறந்துபோனார். கதவுக்கு உணரும் சக்தி உண்டு. கை, பை போன்ற தடிமனான பொருள் இடையில் இருந்தால் அது மூடாது. சேலைத் துணி அதன் கணக்கில் வரவில்லை. தில்லி மெட்ரோ ஓடத் தொடங்கியது 2002-ல். அதாவது 21 ஆண்டுகளாகச் சேலையும் துப்பட்டாவும் அணிந்த பெண்கள் தினமும் ஏறி இறங்கிய ஒரு வண்டியில், சேலை என்றொரு பொருள் உலகத்தில் இருப்பது கதவுக்குத் தெரியாது. அவர் செத்த பிறகுதான், மெல்லிய துணி சிக்கினாலும் ரயிலை நிறுத்தும் ஏற்பாட்டைச் சில ரயில்களில் பொருத்திப் பார்க்கும் பேச்சே வந்தது.

முந்தானையைச் செருகிக்கொள் என்ற அறிவுரையை இப்போது மறுபடி படியுங்கள். கோடிக்கணக்கான பெண்களின் உடையை மாற்றச் சொல்வது சுலபம், ஒரு கதவை மாற்றச் சொல்வது கஷ்டம் என்று யார் முடிவு செய்தது?

பணக்கார நாட்டில் நிலைமை வேறு என்று நினைக்க வேண்டாம். 2019 ஜனவரியில் நியூயார்க் சுரங்க ரயில் நிலையம் ஒன்றின் படிக்கட்டில், ஒரு வயது மகளைத் தள்ளுவண்டியோடு தூக்கிக்கொண்டு இறங்கிய 22 வயதுத் தாய் விழுந்து இறந்தார். குழந்தை பிழைத்தது. அவருக்கு ஏற்கெனவே இருந்த உடல்நலக் கோளாறே இறப்புக்குக் காரணம் என்று மருத்துவ அறிக்கை பிறகு சொன்னது. அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அந்த நிலையத்தில் லிஃப்ட் இல்லை என்பதும் உண்மை. அந்நகரின் 472 நிலையங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கில்தான் அப்போது லிஃப்ட் இருந்தது என்பதும் உண்மை. நூறு வருடத்துக்கு மேலாக அந்த நகரத்துத் தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருக்கிறார்கள். யாராவது உதவுவார்கள் என்பதுதான் அங்கேயும் பொறியியல்.

சரி, கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு மெட்ரோவைப் பற்றி நமக்கு என்ன பேச்சு என்று கேட்கலாம். இங்கிருந்து ராத்திரி ரயில் ஏறினால் விடிகாலையில் எழும்பூர். 2018 மே 25-லிருந்து எழும்பூர் நிலையத்துக்கு அடியில் மெட்ரோ ஓடுகிறது. கரிசல் காட்டுப் பெண் சுரங்க ரயிலைச் சந்திக்கும் இடம் அதுதான். கட்டட வேலைக்குப் போன புருஷனைத் தேடிப் போகிறவள், அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ குடியேறிய மகள் வீட்டுக்குப் பேறுகாலம் பார்க்கப் போகிறவள், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவள் என்று எல்லாரும் அங்கேதான் இறங்குகிறார்கள். சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையங்களில் நடைமேடைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே கண்ணாடிக் கதவுச் சுவர் இருக்கிறது. ரயில் வந்து நின்றால்தான் அது திறக்கும். கையிலிருந்து நழுவி ஓடுகிற குழந்தைகூடத் தண்டவாளத்தில் விழ முடியாது. மஞ்சள் கோட்டைத் தாண்ட விடாதே என்ற அறிவுரைக்கு அங்கே வேலையே இல்லை. பொறுப்பைச் சுவர் எடுத்துக்கொண்டது. முதல் கட்டத்தில் கட்டிய மேம்பால நிலையங்களில் அந்தச் சுவர் இல்லை. அங்கே பொறுப்பு மறுபடி தாயின் கைக்கு வந்துவிடுகிறது. ஒரே ரயில், ஒரே தாய், ஒரே பிள்ளை. சில நிலையம் தாண்டினால் அவள் அதிகக் கவனமாக இருக்க வேண்டியவளாக ஆகிவிடுகிறாள். கவனம் என்பது யாரோ செலவழிக்காத பணத்தின் இன்னொரு பெயர் என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டாம்.

அந்த எழும்பூருக்குப் போய்ச் சேரும் இரவையும் கணக்கில் எடுங்கள். 2016 ஏப்ரலுக்கு முன்பு 5 வயதுக்கு மேல் 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரைக் கட்டணத்தில் தனிப் படுக்கை கிடைத்தது. ஏப்ரல் 21-லிருந்து படுக்கை வேண்டுமானால் முழுக் கட்டணம், அரைக் கட்டணம் கொடுத்தால் படுக்கை கிடையாது என்று ரயில்வே மாற்றியது. இந்த ஒரு மாற்றத்தால் ஏழு ஆண்டுகளில் 2,800 கோடி ரூபாய்க்கு மேல் கூடுதலாக வருமானம் வந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த பதில் சொல்லிற்று. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். ஒரு பகுதி கொடுத்தவர்களிடமிருந்து வந்தது. கொடுக்க முடியாதவர்கள் இரண்டு பிள்ளைகளைச் சுவர்ப் பக்கம் படுக்கவைத்து, விளிம்பில் ஒருக்களித்துப் படுத்து, பிள்ளை உருண்டு விழாமல் இருக்க முழங்கையை முட்டுக் கொடுத்து விடிய விடிய விழித்திருக்கிறார்கள். அப்படி விழித்த கண்ணோடு எழும்பூரில் இறங்குகிறவளிடம்தான் நகரும் படிக்கட்டில் கவனம் என்று பலகை சொல்கிறது.

முன்பதிவில்லாப் பெட்டியில் போகிறவளின் கதை இன்னும் வேறு. பெண்களுக்கென்று ரயிலில் இருக்கையோ படுக்கையோ ஒதுக்க வேண்டும் என்று 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 58-ம் பிரிவு சொல்கிறது. பெண்கள் பெட்டி என்று பலகை மாட்டுவது முதல் வேலை. பலகைக்குப் பின்னால் காவல் இருப்பது இரண்டாவது வேலை. 2025 பிப்ரவரியில் கோயம்புத்தூர்–திருப்பதி ரயிலின் பெண்கள் பெட்டியில் கர்ப்பிணி ஒருவர் பயணம் செய்தார். கூட வந்த பெண்கள் வழியில் இறங்கிவிட, ஏறிக்கொண்ட ஓர் ஆள் அவரைத் தாக்கி, ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிட்டான். வயிற்றிலிருந்த சிசு போய்விட்டது. அந்தப் பெண் அறிவுரைப் பட்டியலில் உள்ளபடி, ஆண்கள் ஏறக் கூடாத பெட்டியில்தான் ஏறியிருந்தார். இன்னும் என்ன கவனமாக இருந்திருக்க வேண்டும்?

ஊருக்குத் திரும்புவோம். மெட்ரோ வருஷத்துக்கு ஒரு நாள். டவுன் பஸ் தினமும். எட்டயபுரம், கயத்தாறு, கழுகுமலை, பசுவந்தனை, கடலையூர், குருவிகுளம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து கோவில்பட்டிக்கு வந்துபோகும் பெண்ணின் உடம்பை ஒரு நிமிடம் பாருங்கள். இடது இடுப்பில் பிள்ளை. தோளில் பை. வலது கை கம்பியைப் பிடிக்க வேண்டும். பெரிய பிள்ளை முன்னால் ஏறுகிறதா என்று கண் பார்க்க வேண்டும். சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்க இன்னொரு கை வேண்டும், அது இல்லை. நம் டவுன் பஸ்களின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றடி உயரம். நிறுத்தத்தில் நடைமேடை கிடையாது, கரிசல் மண்தான். மழை பெய்தால் செருப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அவள் இரண்டாம் படியில் கால் வைக்கும்போது விசில் அடித்துவிடுகிறது. “ஏம்மா, பிள்ளையைக் கெட்டியாப் பிடிம்மா” என்கிறார் கண்டக்டர். அவர் கெட்டவர் இல்லை. நேரத்துக்குப் போகாவிட்டால் அவரைத்தான் கேட்பார்கள். அவர்மீது இறங்கும் அவசரம் அவள்மீது இறங்குகிறது, அவ்வளவுதான்.

இதே கரிசல் காட்டில் வண்டி கன கச்சிதமாக வந்த காலம் ஒன்று உண்டு. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களுக்குக் குழந்தைகளை ஏற்றிப்போகக் கம்பெனி வண்டிகள் ஊர் ஊராக வந்தன. விடியற்காலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே வரும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய், பொழுது சாய்ந்தபின் திருப்பி இறக்கிவிடும். 1980-களில் ஆய்வாளர்கள் இதை எழுதினார்கள். சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் 1990-ல் இதை உலகத்துக்குக் காட்டியது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் ஆபத்தான தொழில்களில் குழந்தைகளை வைப்பதற்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. இந்த வரலாறு நம் மாணவிகளில் பலருடைய பாட்டி வீட்டுத் திண்ணையில் இருக்கிறது; கேட்டால் சொல்வார்கள்.

அதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்று. கரிசல் காடு தூரம், ரோடு மோசம், ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன, நேரத்துக்கு வண்டி விட முடியாது என்று இன்றைக்கு நமக்குச் சொல்லப்படும் காரணங்கள் எதுவும் அன்றைக்கும் இருந்தன. ஆனால் குழந்தை குச்சி அடுக்கும் இரண்டு கையாகத் தெரிந்தபோது, எந்தப் பட்டிக்கும் வண்டிக்கு வழி தெரிந்தது. இருட்டிலும் தெரிந்தது. அதே குழந்தை தடுப்பூசி போட, அங்கன்வாடிக்கு, ஆஸ்பத்திரிக்குத் தாயோடு போக வேண்டும் என்றால் மட்டும் வழி தெரியாமல் போகிறது. முடியாது என்பது ஒருபோதும் சாலையைப் பற்றிய உண்மையாக இருந்ததில்லை. யாருக்காக என்பதைப் பொறுத்தே முடியும், முடியாது எல்லாம்.

யாருக்காக என்ற கேள்வியில் சாதியை விட்டுவிட்டால் நாம் பாதிதான் பேசுகிறோம். 1997-ல் வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு சூட்டியபோது, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். தென்மாவட்டங்கள் எரிந்தன. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர் பெயர்களும் எடுக்கப்பட்டன. இந்த மண்ணில் பஸ் என்பது வெறும் வாகனமாக ஒருநாளும் இருந்ததில்லை. மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ 2021-ல் வந்தபோது நிறையப் பேர் முதல்முறையாக இதைப் பார்த்தார்கள்: பஸ் நிற்காத ஊர், வலிப்பு வந்து நடுரோட்டில் கிடக்கும் சிறுமி, வயிற்றில் பிள்ளையோடு கைகாட்டி நிற்கும் பெண். அந்தப் படத்தை மதித்தபடியே ஒன்று சொல்ல வேண்டும். அங்கே பஸ்ஸை அடித்து நொறுக்குபவன் ஆண்; காவியம் அவனுக்கு. கைகாட்டி நின்றவள் நின்றபடியே இருக்கிறாள். நின்றவள் என்ன கேட்டாள், அவளுக்கு எத்தனை மணிக்கு எந்த ஊருக்குப் பஸ் வேண்டும் என்பதை இன்னும் யாரும் எழுதவில்லை. தலித் குடியிருப்பு ஊருக்கு அந்தப் பக்கம், நிறுத்தம் இந்தப் பக்கம் என்றால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த நடுத்தூரத்தை நடப்பவள் யார் என்று பாருங்கள்.

இப்போது எதிர்வாதத்துக்கு வருகிறேன். “அதுதான் இலவசப் பஸ் விட்டாச்சே, இன்னும் என்ன?” என்பார்கள். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 2022-லிருந்து 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் அரசுப் பஸ்ஸில் கட்டணம் இல்லை. இது பெரிய காரியம். ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. கரிசல் காட்டில் அது பிள்ளையின் பால், மருந்து. அதைவிட முக்கியம், யாரிடமும் கை நீட்டாமல் வீட்டை விட்டு இறங்கலாம் என்பது. இதைக் குறைத்துப் பேசும் பெண்ணியம் எனக்கு வேண்டாம்.

ஆனால் இலவசம் கிடைத்த உடனே என்ன நடந்தது? 2022-ல் ஓர் அமைச்சரே மேடையில் ‘ஓசி’ என்று சொன்னார். எதிர்ப்பு வந்த பிறகு வருத்தம் தெரிவித்தார். அந்தச் சொல் மேடையிலிருந்து இறங்கிப் பஸ்ஸுக்குள் ஏறிவிட்டது. கைகாட்டினால் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கும் டவுன் பஸ்ஸை, பிள்ளையோடு ஓடிப்போய்ப் பிடிக்கும் பெண்ணை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். டிக்கெட் வாங்காதவளுக்குப் பாதுகாப்பு கேட்கும் உரிமையும் கிடையாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. அவள் வாங்கும் சோப்பிலும் தீப்பெட்டியிலும் வரி இருக்கிறது. அவள் ஓசியில் போகவில்லை. முன்பணம் கட்டிவிட்டுப் போகிறாள். இன்னொன்று, அந்த இலவசம் டவுன் பஸ் ஓடும் தூரம் வரைக்கும்தான். பிள்ளைக்கு மூச்சுத் திணறல் என்று திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்கோ மதுரைக்கோ ஓட வேண்டும் என்றால் மொபசல் பஸ், முழு டிக்கெட். அவசரம் கூடக் கூட அவளுடைய உரிமை குறைகிறது.

“அந்தக் காலத்தில் நாங்கள் பிள்ளை பெற்று வளர்க்கவில்லையா?” என்பது அடுத்த வாதம். வளர்த்தீர்கள். எப்படி வளர்த்தீர்கள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். பஸ்ஸில் நிற்கும் பெண்ணைப் பார்த்து, உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத ஒருத்தி “ஏ தாயி, பிள்ளையை இங்கிட்டுக் குடு” என்று கை நீட்டுவாள். பிள்ளை அவள் மடிக்குப் போய்விடும். பை இன்னொருத்தி மடிக்கு. இறங்கும்போது ஜன்னல் வழியாகப் பிள்ளை கைமாறி வரும். இன்றைக்கும் கோவில்பட்டி டவுன் பஸ்ஸில் இது நடக்கிறது. எந்த அறிவுரைப் பட்டியலிலும் இது இல்லை. தெரியாதவரிடம் குழந்தையைக் கொடுக்காதே என்றுதான் பட்டியல் சொல்லும். பெண்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் கட்டிய பாதுகாப்பு ஏற்பாடு அந்த மடிதான். அந்த மடியும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி நீளவில்லை. எந்தத் தெருப் பிள்ளை என்று பார்த்து நீண்ட மடிகளும் இருந்தன. அதையும் சேர்த்தே அந்தக் காலத்தை நினைக்க வேண்டும். நான் அந்த மடியைக் கும்பிடச் சொல்லவில்லை. அரசு விட்ட இடத்தைப் பெண்களின் உடம்பு நிரப்புகிறது என்று அதைக் கணக்கில் எழுதச் சொல்கிறேன்.

“குழந்தையோடு ஏன் அலைய வேண்டும், வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டியதுதானே” என்பது மூன்றாவது. எந்த வீட்டில், யாரிடம்? 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48-ம் பிரிவு எழுதி வைத்தது. சிறு சிறு யூனிட்டுகளாகச் சிதறிய, பெட்டி ஒட்டும் வேலையை வீட்டுக்கே கொடுத்துவிடும் தொழிலில் அந்த எண்ணிக்கை எட்டாமலே பார்த்துக்கொள்ளலாம். அங்கன்வாடி மூடும் நேரமும் வேலை விடும் நேரமும் ஒன்றில்லை. காப்பகம் இல்லாத வேலையிடம்தான் பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றுகிறது. தாயின் கவனக்குறைவுக்கு அதில் பங்கு இல்லை.

இந்த மூன்று வாதத்திலும் வராத ஆள் ஒருவர் உண்டு. அப்பன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் ஆண் பஸ்ஸில் ஏறினால் நான்கு பேர் இடம் விடுகிறார்கள். “பாவம், பொம்பளை இல்லாம தனியா வாராரு” என்று இரங்குகிறார்கள். அதே பிள்ளையோடு பெண் ஏறினால் அவளைச் சோதனை போடுகிறார்கள்: தலை வாரியிருக்கிறதா, மூக்குத் துடைத்திருக்கிறதா, ஏன் அழுகிறது, ஏன் இவ்வளவு நேரம் கழித்துப் போகிறாள். தந்தைக்கு இரக்கம், தாய்க்கு விசாரணை. தாய்மையைத் தெய்வம் என்று மேடையில் சொல்கிறவர்கள் பஸ்ஸில் அந்தத் தெய்வத்துக்கு ஒரு சீட் விட்டால் போதும்.

மாற்ற முடியாதா என்றால், மாற்றியவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் தானாக வரவில்லை. மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர் வைஷ்ணவி ஜெயக்குமார் உயர் நீதிமன்றத்தில் விடாமல் நடத்திய வழக்கின் அழுத்தத்தில் அவை 2024 ஆகஸ்டில் சாலைக்கு வந்தன. தரையிலிருந்து தளத்தின் உயரம் 400 மில்லிமீட்டர். ஒன்றேகால் அடிக்குச் சற்று மேல். சக்கர நாற்காலிக்காகக் கேட்டது அது. ஆனால் இடுப்பில் பிள்ளையோடு ஏறுகிறவளுக்கும், நிறைமாதக்காரிக்கும், மூட்டுவலிக் கிழவிக்கும் சேர்த்தே கிடைத்தது. நம் சண்டையை ஏற்கெனவே யாரோ நமக்காகப் போட்டிருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து நிற்பது நன்றிக்கடன் மட்டுமில்லை, புத்திசாலித்தனமும்கூட. அந்தப் பஸ் ஏன் பெரிய நகரங்களோடு நிற்க வேண்டும் என்று கோவில்பட்டி டிப்போவைப் பார்த்துக் கேட்கலாம்.

குழந்தை செத்த பிறகுதான் விதி வரும் என்ற வழக்கமும் மாற வேண்டும். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பள்ளி வாகனத்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அதற்கப்புறம் அதே ஆண்டு பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகள் வந்தன. ஓட்டை அன்றைக்குக் காலையில் விழுந்ததா? அதைப் பார்க்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது? அதையும் தாய் குனிந்து பார்த்திருக்க வேண்டுமோ?

கைக்குக் கை சொல்லிக்கொள்ளும் பழக்கங்களை விட்டுவிடச் சொல்லவில்லை. சிலது உயிரைக் காக்கும். ரயிலில் நீ ஏறி நான் விட்டுப்போனாலும், நான் ஏறி நீ விட்டுப்போனாலும், நீ இருக்கும் நடைமேடையிலேயே நில், நான் திரும்பி வருவேன். நீ ரயிலுக்குள் இருந்தால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே நில் என்று பிள்ளையோடு முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. ஏறும்போது பிள்ளை முன்னால், இறங்கும்போது நாம் முன்னால். கைப்பிள்ளை இருந்தால் நகரும் படிக்கட்டை விட்டு லிஃப்ட். ரயிலில் உதவிக்கு 139, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. இவற்றைத் தாய்மார்களுக்கு மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? மூன்றாம் வகுப்புப் பாடத்தில் சொல்லுங்கள். கண்டக்டர், டிரைவர் பயிற்சியில் சொல்லுங்கள். அப்பன்மார்களுக்குச் சொல்லுங்கள். எல்லாருக்கும் சொன்னால் அது பொது அறிவு. ஒருத்திக்கு மட்டும் சொன்னால், நாளைக்கு அவள்மீது போடப்போகும் வழக்கின் முதல் பக்கம்.

வாசிக்கிற மாணவிகளுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். உங்கள் ஊர் நிறுத்தத்தில் ஒரு நாள் டேப்பும் நோட்டும் கொண்டு நில்லுங்கள். முதல் படியின் உயரத்தை அளவெடுங்கள். பிள்ளையோடு ஒரு பெண் ஏறி, உள்ளே கம்பியைப் பிடிக்க எத்தனை விநாடி ஆகிறது, பஸ் எத்தனை விநாடி நின்றது என்று எழுதுங்கள். எத்தனை பஸ் நிற்காமல் போனது, எந்தத் தெருப் பெண்கள் எவ்வளவு தூரம் நடந்து வந்தார்கள் என்று எழுதுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அந்த நோட்டை அங்கே வாசித்து, நிறுத்தத்துக்கு மேடை, வேலை விடும் நேரத்துக்குப் பஸ், எல்லாத் தெருவுக்கும் எட்டும் நிறுத்தம், பிள்ளையோடு வருகிறவர் உட்காரும்வரை வண்டி நகரக் கூடாது என்ற நான்கையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்து வராதீர்கள். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டாம். கூட்டத்துக்கு நடுவே அது அழட்டும், ஓடட்டும். யாராவது “பிள்ளையைப் பிடிம்மா” என்றால், நீங்கள் கொஞ்சம் பிடியுங்கள் என்று அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.